பதவியில் ஒரு கர்மயோகி: லால் பகதூர் சாஸ்திரி

யோகம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுபவை ஆசனங்களும் மூச்சுப் பயிற்சியும்தாம். ஆனால் பகவத்கீதை, போர்க்களத்தில் நின்ற ஒரு தலைவனுக்கு யோகத்தைப் போதித்த நூல். செய்தே தீரவேண்டிய கடமை முன்னே நிற்க, அதைச் செய்ய இயலாமல் தளர்ந்துபோன மனத்துக்கு அது மருந்தாக அமைந்தது. அதன் இரண்டாம் அத்தியாயம் யோகத்தை இரு விதமாக விளக்குகிறது. வெற்றியிலும் தோல்வியிலும் மனம் நிலைகுலையாதிருப்பது ஒன்று. செயலில் தேர்ச்சி மற்றொன்று.

இவை இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துமா என்ற ஐயம் எழுவது இயல்பே. பலனில் பற்று இல்லாதவன் எவ்வாறு திறம்படப் பணியாற்றுவான்? ஆசையை விட்டால் ஊக்கம் எங்கிருந்து பிறக்கும்? அலுவலகத்திலும் தொழிலகத்திலும் பொறுப்பு வகிக்கும் அன்பர்கள் அடிக்கடி எழுப்பும் வினா இது. இதற்கு விடை காண ஒரு வாழ்க்கையை உற்று நோக்குவோம். 19 மாதங்கள் மட்டுமே பாரதத்தின் பிரதமராக இருந்து, அக்குறுகிய காலத்திலேயே பல நல்ல தொடக்கங்களுக்கு வித்திட்டுச் சென்ற லால் பகதூர் சாஸ்திரியின் வாழ்க்கை அது.

காசியில் அமைந்த அடித்தளம்

1904-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், காசிக்கு அருகிலுள்ள முகல்சராய் என்ற ரயில்வே ஊரில் அவர் பிறந்தார். தந்தை சாரதா பிரசாத் ஓர் எளிய பள்ளி ஆசிரியர். பின்னர் வருவாய்த் துறையில் எழுத்தராகப் பணியாற்றியவர். குழந்தைக்கு இரண்டு வயது நிறையுமுன்னரே அவர் காலமானார். தாய் ராம்துலாரி தேவி குழந்தைகளுடன் பிறந்தகம் சென்றார். உறவினர் ஆதரவில், வசதிகள் ஏதுமின்றி வளர்ந்தான் சிறுவன். காசியில் உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது சாதியைக் குறிக்கும் தன் குடும்பப் பெயரைத் துறந்தான்.

1921-இல் காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்துக்கு அழைப்பு விடுத்தபோது அவருக்கு வயது 16. பள்ளி இறுதித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. தேறினால் ஒரு வேலை கிடைக்கும். குடும்பத்தின் வறுமை சற்றுக் குறையும். எனினும் அவர் பள்ளியை விட்டு வெளியேறினார். பின்னர் தேசியக் கல்விக்கெனக் காசியில் தொடங்கப்பட்ட காசி வித்யாபீடத்தில் சேர்ந்து, தத்துவமும் ஒழுக்கவியலும் பயின்றார். அறிஞர் பகவான் தாஸ் அங்குத் தலைமை வகித்து வந்தார். 1925-இல் முதல் வகுப்பில் தேறிய அவருக்கு வித்யாபீடம் வழங்கிய பட்டமே சாஸ்திரி. குடும்பப் பெயரைத் துறந்தவருக்குக் கல்வியால் வந்த பட்டமே பெயராக நிலைத்தது.

பதஞ்சலி முனிவர் மனத்தை அடக்க இரு வழிகளைக் கூறுகிறார்: இடைவிடாத பயிற்சி, பற்றின்மை. நீண்ட காலம், இடையறாமல், சிரத்தையோடு செய்யப்படும் பயிற்சியே வேரூன்றும் என்பது அவர் கருத்து. சாஸ்திரிஜி தம் இளமையில் தேர்ந்தெடுத்த பணி அத்தகைய பயிற்சிக்களமாகவே அமைந்தது.

கேளாமல் செய்யும் தொண்டு

லாலா லஜபத் ராய் 1921-இல் நிறுவிய மக்கள் ஊழியர் சங்கத்தில் சாஸ்திரிஜி இணைந்தார். ஆயுள் உறுப்பினர்கள் சிறு உதவித்தொகையில் வாழ்ந்து தேசத் தொண்டு செய்யவேண்டும் என்பது அதன் விதி. முசாபர்பூரில் தாழ்த்தப்பட்ட மக்களின் முன்னேற்றத்துக்காக அவர் தம் பணியைத் தொடங்கினார். பிற்காலத்தில் அச்சங்கத்தின் தலைவராகவும் விளங்கினார். 1928-இல் லலிதா தேவியை மணந்தபோது அவர் சீதனமாக ஏற்றது ஓர் இராட்டையும் சில கஜம் கதர்த் துணியும் மட்டுமே.

விடுதலைப் போராட்டத்தில் அவர் பலமுறை சிறை சென்றார். சிறையில் கழிந்த காலம் 7 ஆண்டுகளுக்குக் குறையாது. அங்கே நூல்களைக் கற்றார். விஞ்ஞானி மேரி கியூரியின் வாழ்க்கையை இந்தியில் எழுதினார். அக்காலத்து நிகழ்ச்சி ஒன்றை அவருடைய வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். மகள் கடும் நோயுற்றிருந்தபோது அவருக்கு 15 நாட்கள் விடுப்பு வழங்கப்பட்டது. ஆனால் குழந்தை இறந்துவிட்டது. ஈமச்சடங்குகள் முடிந்ததும், விடுப்பு எஞ்சியிருந்தபோதே அவர் தாமாகச் சிறைக்குத் திரும்பினார். விடுப்பு எதற்காகத் தரப்பட்டதோ அந்தக் காரணம் முடிந்துவிட்டது என்பதே அவர் கொண்ட நியாயம். அத்துயரத்தின் நடுவிலும் உரிமையில்லாத ஒரு நாளைக்கூடத் தமதாக்கிக்கொள்ள அவர் விரும்பவில்லை. யோக சாத்திரம் கூறும் அஸ்தேயம், அதாவது பிறர் பொருளைக் கவராமை, எவ்வளவு நுட்பமானது என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

அரியலூரும் ஒரு ராஜினாமாவும்

நாடு விடுதலை பெற்றபின் ஐக்கிய மாகாணத்தில் காவல் துறைக்கும் போக்குவரத்துக்கும் அமைச்சரானார். கூட்டத்தைக் கலைக்கத் தடியடிக்குப் பதில் தண்ணீரைப் பீய்ச்சும் முறையையும், பேருந்துகளில் பெண் நடத்துநர்களையும் அறிமுகப்படுத்தியவர் அவரே. 1951-இல் நேரு அவரைத் தில்லிக்கு அழைத்துக் காங்கிரஸின் பொதுச் செயலாளர்களுள் ஒருவராக்கினார். 1952-இல் சாஸ்திரிஜி மத்திய ரயில்வே அமைச்சரானார். மூன்றாம் வகுப்புப் பயணிகளின் வசதிகளில் அவர் தனிக் கவனம் செலுத்தினார். இன்று நாடெங்கும் ஓடும் பெட்டிகளைத் தயாரிக்கும் சென்னை பெரம்பூர் தொழிற்சாலை திறக்கப்பட்டதும் அவர் அமைச்சராக இருந்த 1955-இல்தான்.

1956 செப்டம்பரில் மகபூப்நகர் அருகே பாலம் ஒன்று இடிந்து ரயில் கவிழ்ந்ததில் 110-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சாஸ்திரிஜி ராஜினாமா செய்தார். நேரு அதை ஏற்கவில்லை. மூன்று மாதங்கள்கூட நிறைவடையாத நிலையில், நவம்பர் 23-ஆம் நாள் விடியுமுன், சென்னையிலிருந்து சென்ற தூத்துக்குடி விரைவு ரயில் அரியலூருக்கு அருகே மருதையாற்று வெள்ளத்தில் விழுந்தது. கடும் மழையால் பாலத்தின் அடித்தளம் அரித்துச் செல்லப்பட்டிருந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சாஸ்திரிஜி மீண்டும் ராஜினாமாக் கடிதம் அளித்தார். இம்முறை அதை ஏற்குமாறு அவர் வற்புறுத்தினார். நேரு ஏற்றுக்கொண்டார். விபத்துக்கு அமைச்சர் நேரடியாகக் காரணமானவர் அல்லர் என்பதைச் சுட்டி, அவருடைய உயர்ந்த பண்பை நாடாளுமன்றத்தில் போற்றவும் செய்தார்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். அமைச்சர் விலகியதால் பாலம் செப்பனிடப்பட்டுவிடுமா? மாண்டவர் மீள்வரா? இல்லை. பொறுப்பிலிருந்து விலகுவது சில வேளைகளில் பொறுப்பிலிருந்து தப்பும் வழியாகவும் ஆகிவிடக்கூடும். சாஸ்திரிஜியின் செயலை அவ்வாறு கொள்ள இயலாமைக்குக் காரணம், அதற்கு முன்னும் பின்னும் அவர் வாழ்ந்த வாழ்க்கை. ஒரு துறையின் நற்பெயர் தமக்கு வருவதை ஏற்கும் தலைவர், அதன் பழியும் தமக்கே வருவதை ஏற்கவேண்டும் என்ற நெறியை அவர் நிலைநாட்டினார். பெரும்பாலோர் செய்வது இதற்கு நேர்மாறானது: புகழைத் தமதாக்கிக்கொண்டு பழியைக் கீழே உள்ளவர் தலையில் இறக்குவர். பலனைத் துறப்பது என்றால் கடமையைத் துறப்பது என்று பொருளன்று. பதவியால் வரும் மதிப்பைத் துறந்து, பதவியால் வரும் கணக்கைத் தாமே ஏற்பதே அது.

பதவி இன்றியும் பணி

விலகிய சாஸ்திரிஜி ஓய்ந்திருக்கவில்லை; 1957 பொதுத் தேர்தலுக்கான கட்சிப் பணிகளில் மூழ்கினார். தாமும் அலகாபாத்தில் வென்று மீண்டும் அமைச்சரானார். போக்குவரத்து, வணிகம், தொழில் ஆகிய துறைகளை அடுத்தடுத்து ஏற்றார். 1959-இல் மாரடைப்பு வந்தது. உடல் தேறியதும் பணி தொடர்ந்தது. 1961-இல் உள்துறை அமைச்சரானார். அரசு நிர்வாகத்தில் ஊழலைத் தடுக்கும் வழிகளை ஆராயத் தமிழகத்தைச் சேர்ந்த கே. சந்தானத்தின் தலைமையில் 1962-இல் ஒரு குழுவை அமைத்தார். அதன் பரிந்துரையால் 1964-இல் மத்திய கண்காணிப்பு ஆணையம் உருவாயிற்று. தம்மளவில் நேர்மையாக இருப்பதோடு நின்றுவிடாமல், தாம் இல்லாத காலத்திலும் நேர்மையைக் காக்கும் ஓர் அமைப்பு வேண்டும் என்று அவர் எண்ணியதை இது காட்டுகிறது.

1963-இல் மூத்த தலைவர்கள் பதவியைத் துறந்து கட்சிப் பணிக்குத் திரும்பவேண்டும் என்ற காமராஜரின் திட்டம் வந்தது. காமராஜர் உள்பட 6 முதலமைச்சர்களும், 6 மத்திய அமைச்சர்களும் விலகினர். சாஸ்திரிஜியும் அவர்களுள் ஒருவர். அமைச்சருக்குரிய ஊதியமும் வசதிகளும் நின்றுபோகவே, தில்லியில் குடும்பச் செலவைச் சுருக்கிக்கொண்டார். பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதி வருவாய்க் குறைவை ஈடுசெய்தார்.

1964 மே 27-இல் நேரு மறைந்தார். காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜர், கட்சியினர் பலரையும் கலந்து பேசிக் கண்ட பொதுவான கருத்து சாஸ்திரிஜியையே சுட்டியது. ஜூன் 9-ஆம் நாள் அவர் பிரதமரானார். எட்டு ஆண்டுகளில் இருமுறை அமைச்சர் பதவியைத் துறந்தவரிடமே நாட்டின் மிக உயர்ந்த பொறுப்பு வந்து சேர்ந்தது.

தம் முடிவிலும் பற்றில்லாமை

பொருளிலும் பதவியிலும் பற்றை விட்டவர்களைக் காணலாம். தம் கருத்தில் உள்ள பற்றை விடுவது அதனினும் அரிது. சாஸ்திரிஜிக்கு அச்சோதனை தமிழகத்திலிருந்து வந்தது.

அரசியலமைப்பில் குறித்திருந்த 15 ஆண்டுகள் முடிந்து, 1965 ஜனவரி 26 முதல் இந்தி முதன்மையான ஆட்சிமொழி ஆவதாக இருந்தது. ஆங்கிலம் தொடரும் என்று நேரு அளித்திருந்த வாக்குறுதி காக்கப்படுமா என்ற அச்சம் தமிழகத்தில் பரவியது. மாணவர்கள் வீதிக்கு வந்தனர். தீக்குளிப்புகளும் துப்பாக்கிச் சூடுகளும் நிகழ்ந்தன. பல உயிர்கள் பலியாயின. தொடக்கத்தில் தில்லி இதன் ஆழத்தை உணரவில்லை. பிப்ரவரி 11-ஆம் நாள் மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அழகேசனும் ராஜினாமா செய்தனர். சாஸ்திரிஜி அவற்றை ஏற்குமாறு குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவைத்தார். குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் அதை ஏற்காமல், மறுபரிசீலனை செய்யும்படி அறிவுறுத்தினார்.

அன்றிரவே சாஸ்திரிஜி வானொலியில் நாட்டு மக்களுக்கு உரையாற்றினார். இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் தொடரும் என்றும், மாநிலங்கள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் தொடர்பு கொள்ளலாம் என்றும் உறுதியளித்தார். அவ்வுறுதி 1967-ஆம் ஆண்டின் ஆட்சிமொழித் திருத்தச் சட்டத்தில் இடம்பெற்றது. உயிரிழப்புகளுக்கு முன்பே இவ்வுறுதி வந்திருக்கவேண்டும் என்று வரலாறு கூறுமானால் அதை மறுக்க இயலாது. இருப்பினும், இந்தி பேசும் பகுதியிலிருந்து வந்த ஒரு பிரதமர், தாம் எடுத்த நிலையிலிருந்து ஒரே நாளில் இறங்கி வந்தார் என்பதும் உண்மையே. தம் முடிவை மாற்றினால் தம் பெருமை குறையும் என்ற எண்ணம் குறுக்கிட்டிருந்தால் அது நிகழ்ந்திருக்காது.

இதைவிடக் கவனிக்கத்தக்கது, அடுத்து நிகழ்ந்தது. தம்மை எதிர்த்து விலக முன்வந்த அதே சி. சுப்பிரமணியத்தைத்தான் நாட்டின் மிகக் கடினமான பணியில் அவர் தொடர்ந்து வைத்திருந்தார். முழு நம்பிக்கையோடு துணை நின்றார்.

பசி தீர்க்கும் பணி

அக்காலத்தில் பாரதம் உணவுக்கு அமெரிக்கக் கோதுமையை நம்பியிருந்தது. வேளாண்மைத் துறையை ஏற்கப் பலரும் தயங்கிய நிலையில், எஃகுத் துறையில் சிறந்து விளங்கிய சுப்பிரமணியத்திடம் 1964 ஜூனில் அதை சாஸ்திரிஜி ஒப்படைத்தார். உழவருக்கு நியாயமான விலை கிடைத்தால்தான் விளைச்சல் பெருகும் என்பது அவர்கள் கண்ட அடிப்படை. 1965 ஜனவரியில் வேளாண் விலை ஆணையமும் இந்திய உணவுக் கழகமும் தோன்றின. உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சாவூரில்தான் தொடங்கியது.

தில்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் எம். எஸ். சுவாமிநாதனும் பிற விஞ்ஞானிகளும் மெக்சிகோவின் குட்டைரகக் கோதுமையைச் சோதித்துவந்தனர். அயல்நாட்டு விதை நம் மண்ணுக்கு ஏற்காது என்று எதிர்ப்புகள் எழுந்தன. எனினும் 1965-இல் 250 டன் விதை தருவிக்கப்பட்டது. மறு ஆண்டு 18,000 டன். 1964-65-இல் ஏறத்தாழ 8.9 கோடி டன்னாக இருந்த உணவு தானிய விளைச்சல், கடும் வறட்சியால் மறு ஆண்டு 7.2 கோடி டன்னாகச் சரிந்தது. 1970-71-இல் அது 10.8 கோடி டன்னைத் தாண்டியது. அந்த அறுவடையைக் காண சாஸ்திரிஜி இருக்கவில்லை. விதைத்தவர் அறுவடையை எண்ணி விதைக்கவில்லை; விதைக்கவேண்டிய பருவம் அது என்பதால் விதைத்தார்.

பற்றாக்குறைக் காலத்தில், வாரம் ஒருவேளை உணவைத் தவிர்க்குமாறு மக்களை அவர் வேண்டினார். ஆனால் அதற்குமுன் தம் வீட்டில் அதைச் செய்து பார்த்தார். குழந்தைகள் பசி தாங்குகிறார்கள் என்று அறிந்தபின்னரே நாட்டிடம் கேட்டார். திங்கட்கிழமை மாலைகளில் உணவு விடுதிகள் தாமாகவே மூடப்பட்டன. ஜன்பத் சாலை 10-ஆம் எண் இல்லத்தின் புல்வெளி உழப்பட்டுக் கோதுமை வயலாயிற்று. தாம் கடைப்பிடிக்காத எதையும் பிறரிடம் கேளாதவரின் சொல்லுக்கு ஆணையைவிட வலிமை உண்டு.

1964 அக்டோபர் இறுதியில் குஜராத்தின் ஆனந்த் பகுதிக்குச் சென்றபோது, ஒரு சிற்றூரில் உழவர் ஒருவரின் வீட்டில் இரவு தங்கினார். ஊர் மக்களோடு நெடுநேரம் உரையாடினார். அங்குள்ள மண்ணும் மழையும் கால்நடைகளும் பிற பகுதிகளினும் சிறந்தவை அல்ல. பால் உற்பத்தியாளர்களே தங்கள் கூட்டுறவின் உரிமையாளர்கள் என்பதுதான் வெற்றியின் இரகசியம் என்று கண்டுகொண்டார். வர்கீஸ் குரியனிடம் அம்முறையை நாடெங்கும் பரப்பும் பொறுப்பை அளித்தார். தலைமையகம் தில்லியில் அமையாமல், உழவர்கள் வாழும் ஆனந்தில் அமையவேண்டும் என்று குரியன் விரும்பினார்; சாஸ்திரிஜி இசைந்தார். 1965-இல் தேசிய பால்வள வாரியம் அங்கே பிறந்தது. தகுதியானவரைக் கண்டு, பொறுப்பைத் தந்து, குறுக்கிடாமல் நிற்பதும் செயலில் தேர்ச்சியே.

போரும் அமைதியும்

1965 செப்டம்பரில் பாகிஸ்தானுடன் போர் மூண்டது. காஷ்மீர எல்லை பெரும் ஆபத்துக்குள்ளானபோது, படைத்தலைவர்களின் ஆலோசனையைக் கேட்டு, சர்வதேச எல்லையைக் கடந்து லாகூர் முனையில் தாக்கும் முடிவை அவர் விரைந்து எடுத்தார். மெலிந்த, சிறிய உருவமும் மென்மையான குரலும் கொண்ட இம்மனிதரைப் பலவீனமானவர் என்று எண்ணியோர் வியந்தனர். போர்வீரனையும் உழவனையும் ஒருசேர வாழ்த்தும் முழக்கத்தை அவர் நாட்டுக்குத் தந்தது அவ்வாண்டில்தான்.

போர் ஓய்ந்தபின் அமைதி காணும் பொறுப்பு வந்தது. 1966 ஜனவரி 10-இல் தாஷ்கண்டில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. வீரர்கள் உயிரைக் கொடுத்து வென்ற ஹாஜி பீர் கணவாயைத் திருப்பித் தருவதற்கு நாட்டில் எதிர்ப்பு இருக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். அமைச்சர் மகாவீர் தியாகி பின்னர் இதன் பொருட்டே பதவி விலகினார். புகழின் உச்சியில் இருந்த தலைவர், அப்புகழைப் பணயம் வைத்து, அமைதிக்கு வழி என்று தாம் நம்பியதைச் செய்தார். அம்முடிவு சரியா என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கின்றனர். கைதட்டலுக்காகப் போரிடாதவர், கண்டனத்துக்கு அஞ்சி அமைதியையும் கைவிடவில்லை என்பது மட்டும் தெளிவு. கையெழுத்திட்ட சில மணி நேரத்தில், ஜனவரி 11 அதிகாலையில், தாஷ்கண்டிலேயே அவர் உயிர் பிரிந்தது. தில்லி யமுனைக் கரையில் விஜய் காட் என்னுமிடத்தில் அவர் நினைவிடம் அமைந்துள்ளது. அதே ஆண்டில் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.

நிலைத்து நிற்கும் வெற்றி

தில்லி மோதிலால் நேரு சாலையில் 2005-இல் திறக்கப்பட்ட அவருடைய நினைவில்லத்தில் ஒரு பழைய பியட் கார் நிற்கிறது. பிரதமராக இருந்தபோது குடும்பத்தினரின் விருப்பத்துக்கிணங்க அதை வாங்கினார். விலை 12,000 ரூபாய். கையில் இருந்தது 7,000 ரூபாய். எஞ்சிய 5,000 ரூபாயைப் பஞ்சாப் நேஷனல் வங்கியில் கடனாகப் பெற்றார். கடன் தீருமுன் அவர் மறைந்தார். லலிதா தேவி தமக்குக் கிடைத்த ஓய்வூதியத்திலிருந்து அதை அடைத்துமுடித்தார். உலகக் கணக்கின்படி சாஸ்திரிஜி கடனாளியாகவே மறைந்தார். மறுபுறம் அவர் காலத்தில் வித்திட்ட உணவுக் கழகமும், பால்வள வாரியமும், கண்காணிப்பு ஆணையமும் அவருக்குப்பின் பல பத்தாண்டுகளாக இயங்கிவருகின்றன.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இவ்வாழ்க்கை விடை தருகிறது. பற்று நம் கவனத்தைக் கவர்ந்து, செயலிலிருந்து நம்மை நோக்கித் திருப்பிவிடுகிறது. பதவி போய்விடுமோ, பெயர் கெடுமோ, பிறர் முந்திவிடுவரோ என்று கணக்கிடும் மனத்தில் பணிக்கு எஞ்சுவது பாதியே. அக்கணக்கு நின்றதும் முழு மனமும் பணிக்குக் கிடைக்கிறது. அதனால்தான் சமநிலையும் செயல்திறனும் ஒரே யோகத்தின் இரு முகங்களாகக் கூறப்பட்டன.

நாம் வகிக்கும் பொறுப்பு சிறியதாக இருக்கலாம். ஒரு வகுப்பறை, ஒரு கடை, ஓர் அலுவலகப் பிரிவு, ஒரு குடும்பம். நாளைக் காலை அப்பணியைத் தொடங்குமுன் ஒருகணம் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: இதில் தவறு நேர்ந்தால் அதை என்னுடையது என்று ஏற்பேனா? என் முடிவு தவறென்று தெரிந்தால் மாற்றிக்கொள்வேனா? நான் இல்லாதபோதும் இது நடைபெறும்படி செய்கிறேனா? இவற்றுக்கு உண்மையாக ஆம் என்று சொல்ல முடியுமானால், நம் மேசையும் ஒரு சாதனை பீடமே; நம் வேலையும் ஒரு யோகமே.